மறதி நோய்க்குப் பெயர் கொடுத்த டாக்டர்

தாம்பரம் ஒரு ரெயில்வே ஊர். ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர் உண்டு. சேலையூரிலும், குரோம்பேட்டையிலும், பல்லாவரத்திலும் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு, கணவனும் மனைவியுமாக வாழ்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள், அல்லது வெளிநாட்டில் இருப்பார்கள்.

அப்படி ஒரு வீட்டில் ஒரு நாள் மனைவி சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போடுகிறார். அடுத்த வாரம் உப்பே போடவில்லை. பீரோ சாவி காணாமல் போகிறது. தேடினால் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. வைத்தது யார் என்று கேட்டால் கோபம் வருகிறது.

வயதானால் மறதி வருவது சகஜம் என்று கணவர் பேசாமல் இருக்கிறார். ஆறு மாதம் கழித்து, பக்கத்துத் தெரு டாக்டரிடம் அழைத்துப் போகிறார். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார். அந்தச் சீட்டில் 'அல்சைமர்' என்று ஒரு வார்த்தை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அது மருந்தின் பெயர் அல்ல. கிருமியின் பெயரும் அல்ல. ஒரு மனிதரின் பெயர். ஜெர்மனியில் பிறந்து, 1915-ம் ஆண்டில் காலமான ஒரு டாக்டரின் பெயர். இந்த நோயை அவர் முதன் முதலில் ஒரு பெண்ணிடம் கண்டார். அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தவர் அவளுடைய கணவர்.

அந்தக் கணவரும் ரெயில்வேயில் குமாஸ்தாதான்!

நோட்டரியின் மகன்

அலாய்ஸ் அல்சைமர் 1864-ம் ஆண்டு ஜூன் 14-ந்தேதி பிறந்தார். ஊர், ஜெர்மனியில் பவேரியாப் பகுதியில் உள்ள மார்க்பிரைட். ஆற்றங்கரையில் அமைந்த சிறிய ஊர். தந்தை அங்கே நோட்டரியாக இருந்தார். பத்திரங்களுக்கு முத்திரை போடும் உத்தியோகம். கையில் ஓரளவு காசு இருந்த குடும்பம்.

மகன் டாக்டருக்குப் படித்தார். பெர்லின், டூபிங்கன், வூர்ஸ்பர்க் என்று மூன்று ஊர்களில் படிப்பு. 1887-ம் ஆண்டு டாக்டர் பட்டம் கிடைத்தது. பட்டத்துக்காக அவர் ஆராய்ந்தது காதுக் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளை! அவற்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. கடைசி வரை அந்தப் பழக்கம் போகவில்லை.

படிப்பு முடிந்ததும், மன நோய் கொண்ட ஒரு பெண்மணிக்குத் துணையாக ஐந்து மாதம் ஊர் ஊராகச் சென்றார். ஒரு நோயாளியோடு இரவும் பகலும் கூடவே இருந்தால்தான் தெரியும் சில விஷயங்கள் உண்டு. அந்தப் பாடம் அவருக்கு இளம் வயதிலேயே கிடைத்தது.

1888-ம் ஆண்டின் கடைசியில் பிராங்பர்ட் நகரத்து மன நோய் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24.

சங்கிலி இல்லாத ஆஸ்பத்திரி

அந்தக் கட்டடம் பார்ப்பதற்கு ஒரு பெரிய மாளிகை போல இருக்கும். ஊர் மக்கள் அதைப் பைத்தியக்காரர் கோட்டை என்று கேலியாகச் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் மன நோய் ஆஸ்பத்திரி என்றால் பல இடங்களில் நோயாளியைக் கட்டிப் போடுவது வழக்கம். பிராங்பர்ட்டில் எமில் சியோலி என்ற டாக்டர் தலைவராக இருந்தார். கட்டிப் போடுவது அவருக்குப் பிடிக்காது. இளைஞர் அல்சைமரும் அதே கட்சி. முரண்டு பிடிக்கும் நோயாளிகளை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் நெடுநேரம் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அதுவே பெரிய வைத்தியம்.

1889-ம் ஆண்டு பிரான்ஸ் நிசில் என்ற மற்றொரு இளம் டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். மூளையின் மெல்லிய துண்டுகளுக்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் தெளிவாகப் பார்க்கும் வித்தையைக் கண்டுபிடித்தவர் அவர். பகலில் நோயாளிகள், இரவில் மைக்ராஸ்கோப். இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள்.

கைம்பெண்ணை மணந்தார்

1894-ம் ஆண்டு அல்சைமர் திருமணம் செய்துகொண்டார். மணமகள் பெயர் செசிலி. செல்வக் குடும்பத்துப் பெண். கணவரை இழந்தவர்.

இல்லறம் இனிதாக நடந்தது. மூன்று குழந்தைகள் பிறந்தன. மனைவியின் சொத்து இருந்ததால் சம்பளத்தைப் பற்றி அல்சைமர் கவலைப்படவில்லை. மனம் போல ஆராய்ச்சி செய்தார்.

அந்த இன்பம் ஏழு ஆண்டுகளே நீடித்தது. 1901-ம் ஆண்டின் தொடக்கத்தில் செசிலி நோயில் விழுந்து இறந்து போனார். கடைசிக் குழந்தை கைக்குழந்தை போன்ற வயது.

அல்சைமருக்கு அப்போது வயது 36. மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு அவரால் என்ன செய்ய முடியும்? திருமணமாகாத அவருடைய தங்கை எலிசபெத் வந்தார். வீட்டையும் குழந்தைகளையும் அவர் ஏற்றுக்கொண்டார். மூளையைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன அந்தப் பெரிய டாக்டரும், தம் வீட்டுப் பாரத்தைத் தனியாகச் சுமக்கவில்லை. சுமக்க முடியவும் இல்லை. எலிசபெத் பெயரைச் சரித்திரம் ஓர் ஓரத்தில்தான் குறிப்பிடுகிறது. அவர் இல்லாவிட்டால் பின்னால் நடந்தவை நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

அல்சைமர் துக்கத்தை மறக்க வேலையில் மூழ்கினார். அதே ஆண்டு நவம்பர் மாதம் 25-ந்தேதி, ஓர் அம்மாள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்.

கணவர் சொன்ன கதை

அந்த அம்மாளின் பெயர் ஆகுஸ்தே. வயது 51. கணவர் கார்ல் டேட்டர், ரெயில்வே குமாஸ்தா. 1873-ம் ஆண்டில் திருமணம் நடந்தது. ஒரே மகள்.

இருபத்தெட்டு ஆண்டு காலம் சண்டை சச்சரவு இல்லாத குடும்பம். ஆகுஸ்தே சுறுசுறுப்பானவர். வீட்டைப் பளிச்சென்று வைத்திருப்பவர்.

1901-ம் ஆண்டு மார்ச் மாதம் வரை எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் திடீரென்று, கணவர் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு உலாவப் போனதாக ஆகுஸ்தே குற்றம் சாட்டினார். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் சந்தேகம் வளர்ந்தது. கணவரையும் அந்தப் பெண்ணையும் கண்டாலே வெறுப்பு.

அதன் பிறகு ஞாபகம் தடுமாறியது. சமையல் கெட்டது. வீட்டுச் செலவுக் காசில் கணக்குப் போயிற்று. அறைக்கு அறை காரணம் இல்லாமல் நடந்தார். பொருட்களை எங்காவது ஒளித்து வைத்தார். பிறகு காணோம் என்று தேடினார். யாரோ தன்னைக் கொல்ல வருவதாகப் பயந்தார். அக்கம் பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டினார்.

குடும்ப டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டுதான் கார்ல் மனைவியைப் பிராங்பர்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்.

இந்த விவரம் எல்லாம் எப்படித் தெரியும்? கார்ல் சொன்னார். ஆஸ்பத்திரியில் அதை எழுதி வைத்தார்கள். மனைவி தன்னை நடத்தை கெட்டவன் என்று சொன்னதைக்கூட அவர் மறைக்கவில்லை. ஒரு மானமுள்ள மனிதருக்கு அது எவ்வளவு கூச்சமான விஷயம்! நம் ஊரில் இதைச் சொல்லக் கூசி, பல குடும்பங்கள் வருடக் கணக்கில் வாயை மூடிக்கொண்டிருக்கின்றன. அண்டை அயலார் காதில் விழக்கூடாது என்று ஜன்னலைச் சாத்துகிறார்கள். கார்ல் சொன்ன அந்த ஒரு விஷயம், மருத்துவப் புத்தகங்களில் இந்த நோயின் முதல் அடையாளங்களில் ஒன்றாக ஏறிவிட்டது. அது அந்த அம்மாளின் குணக்கேடு அல்ல, நோயின் வேலை என்பது அதனால்தான் தெரிந்தது.

கட்டிலில் நடந்த பரீட்சை

மறுநாள், நவம்பர் 26-ந்தேதி, அல்சைமர் அந்த அம்மாளைப் பார்க்கப் போனார். ஆகுஸ்தே ஒன்றும் புரியாத முகத்துடன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் தம் கையாலேயே எழுதிக்கொண்டார்.

பெயர் கேட்டார். ஆகுஸ்தே என்று பதில் வந்தது. கணவர் பெயரைக் கேட்டார். அதற்கும் ஆகுஸ்தே என்றே பதில் வந்தது.

பென்சில், பேனா, சாவி, சுருட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பெயர் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, என்ன என்ன காட்டினேன் என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் ஞாபகம் இல்லை.

மதியச் சாப்பாடு வந்தது. தட்டில் இருந்தது இறைச்சியும் காலிபிளவரும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கீரை என்று பதில் வந்தது.

பெயரை எழுதச் சொன்னார். திருமதி என்று மட்டும் எழுதினார் ஆகுஸ்தே. அடுத்த எழுத்து வரவில்லை. எதை எழுத வந்தோம் என்பதே மறந்துவிட்டது. நடுநடுவே, தன்னையே தான் தொலைத்துவிட்டதாக அந்த அம்மாள் வருத்தத்தோடு சொன்னார்.

மனைவியைப் புதைத்து ஒரு வருடம் ஆகாத ஒரு மனிதர், தன் மனைவியைக் கண்ணெதிரே இழந்துகொண்டிருக்கும் வேறொரு மனிதருக்காக அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

இன்றும் அதே பரீட்சைதான்

நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்கேன் வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனைகள் பெருகிவிட்டன. ஆனாலும் மறதி நோய்ப் பரிசோதனை ஆரம்பிப்பது இப்படித்தான். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று டாக்டர் கேட்பார். மூன்று பொருட்களின் பெயரைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்பார். கடிகாரம் வரையச் சொல்வார்.

அதற்குப் பயந்துகொண்டு முதல் நாளே மனைவிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் கணவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. இது பாஸ் பெயில் பரீட்சை அல்ல. பதில் வராவிட்டால் வராததுதான் டாக்டருக்குத் தேவை.

வேறு ஒரு வேடிக்கையும் நடக்கும். வீட்டில் நாளெல்லாம் தடுமாறும் அம்மாள், புது மனிதரைக் கண்டதும் பளிச்சென்று பேசிவிடுவார். பத்து நிமிடம் பார்க்கும் டாக்டருக்கு ஒரு குறையும் தெரியாது. அங்கேதான் கணவரின் சாட்சியம் வேண்டும். கார்ல் டேட்டர் மார்ச் மாதம் என்று குறிப்பாகச் சொன்னாரே, அதுபோல.

எப்போது ஆரம்பித்தது? மெல்ல மெல்ல வந்ததா, திடீரென்று வந்ததா? எந்த வேலை முன்பு முடிந்தது, இப்போது முடியவில்லை? தெரிந்த கடைத்தெருவில் வழி தவறினாரா? சில்லறை எண்ண முடிகிறதா? தூக்கம் எப்படி? இவற்றை ஒரு நோட்டில், நாள் போட்டு எழுதி வைத்தால் போதும். அழகாக எழுத வேண்டியதில்லை. எழுத வராதவர்கள் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். மனைவி சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உள்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். மூக்குக் கண்ணாடியை மறக்கக் கூடாது. காது மந்தம் என்றால் காதுக் கருவியும் வேண்டும். காது கேட்காமல் தவறாகப் பதில் சொல்பவரை மறதி நோயாளி என்று நினைத்துவிடக் கூடாது அல்லவா?

எல்லா மறதியும் அல்சைமர் நோய் அல்ல. தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். பி12 என்ற வைட்டமின் குறைந்தாலும் வரும். மனச்சோர்வினால் வரும். சில மாத்திரைகளால்கூட வரும். இவற்றைச் சரி செய்தால் ஞாபகம் திரும்பவும் கூடும். கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். திடீரென்று ஓரிரு நாளில் குழப்பம் வந்தால் காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய தவறுகளை அடுக்குவது நல்லது அல்ல. மறதி வந்தவருக்கும் மானம் உண்டு. நோட்டை டாக்டரிடம் கொடுத்துவிடலாம். அல்லது மகளோ மருமகளோ அம்மாளோடு வெளியே உட்கார்ந்திருக்கும்போது, கணவர் தனியாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரலாம்.

தாம்பரத்துக்காரர்கள் இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிண்டியில், கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில், வயதானவர்களுக்கு என்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் திறக்கப்பட்டது. மின்சார ரெயிலில் கிண்டி ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து ஓர் ஆட்டோவில் போய்விடலாம். சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் முதியோர் வைத்தியப் பகுதி 1978-ம் ஆண்டு முதலே இருக்கிறது. டாக்டர் வி.எஸ்.நடராஜன் தொடங்கியது அது. இந்தியாவில் அத்துறைக்கு அதுவே முன்னோடி.

பணம் என்ற கவலை

பிராங்பர்ட்டுக்குத் திரும்புவோம்.

ஆகுஸ்தேயின் உடல்நிலை தேறவில்லை. இரவில் போர்வையை இழுத்துக்கொண்டு அலைந்தார். மணிக்கணக்கில் கத்தினார். டாக்டரைச் சில நேரம் விருந்தாளி போல வரவேற்றார். சில நேரம் பயந்து விரட்டினார்.

கார்ல் ஒரு சாதாரணக் குமாஸ்தா. ஆஸ்பத்திரிச் செலவு மாதா மாதம் ஏறிக்கொண்டே போயிற்று. மலிவான வேறோர் ஆஸ்பத்திரிக்கு அந்த அம்மாளை மாற்றலாம் என்று பேச்சு எழுந்தது. அல்சைமருக்கு அதில் விருப்பம் இல்லை. ஆகுஸ்தே பிராங்பர்ட்டிலேயே இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அப்படியே ஆயிற்று. கடைசி வரை ஆகுஸ்தே அங்கேயே இருந்தார்.

டாக்டருக்கு இரக்கம் இருந்தது. கூடவே ஆராய்ச்சி ஆசையும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. வயதான கிழவர் கிழவிகளுக்கு வரும் மறதியை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். 51 வயதில் இப்படி ஏன் வர வேண்டும்? அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

1903-ம் ஆண்டு அல்சைமர் பிராங்பர்ட்டை விட்டார். எமில் கிரெப்ளின் என்ற புகழ் பெற்ற நிபுணர் அழைத்ததால் முதலில் ஹைடல்பர்க் சென்றார். அதே ஆண்டில் அவரோடு மியூனிக் நகருக்கு மாறினார். அங்கே ஆரம்பத்தில் சம்பளமே கிடையாது. இறந்து போன செசிலியின் பணத்தில் குடும்பம் நடந்தது. தங்கை எலிசபெத் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டார்.

மாணவர்கள் அவரிடம் உயிராக இருந்தார்கள். ஒவ்வொரு மாணவன் பக்கத்திலும் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து விளக்குவாராம். வாயில் இருக்கும் சுருட்டை மேஜை மேல் வைப்பாராம். எடுக்க மறந்து அடுத்த மாணவனிடம் போய்விடுவாராம். மாலையில் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு துண்டுச் சுருட்டு கிடக்கும் என்று கதை சொல்வார்கள். மறதியை ஆராய்ந்த டாக்டருக்கு அந்த மறதி இருந்தது!

ஆனால் ஆகுஸ்தேயை மறக்கவில்லை. அந்த அம்மாள் எப்படி இருக்கிறார் என்று பிராங்பர்ட்டில் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

படுக்கைப் புண்

கடைசி நாட்களில் ஆகுஸ்தேயால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்தே கிடந்தார். பேச்சு நின்றது. உடல் மெலிந்தது. படுத்த இடத்தில் புண் வந்தது. புண்ணில் விஷம் ஏறியது. 1906-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந்தேதி அந்த அம்மாள் இறந்தார். 56 வயது நிறைய ஒரு மாதம் சொச்சம் இருந்தது.

மறதி நோய் அவரை நேராகக் கொல்லவில்லை. படுக்கைப் புண் கொன்றது. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், தோல் ஈரமில்லாமல் இருக்க வேண்டும் என்பது இன்று நர்சுகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடங்களில் ஒன்று. காற்று அடைத்த மெத்தைகள் சென்னையில் வாடகைக்குக்கூடக் கிடைக்கின்றன.

ஆனால் இரண்டு மணிக்கு ஒரு தரம் என்றால் இரவிலும்தான். எழுபது வயதுக் கணவர் ஒருவரால் அதை எத்தனை நாள் செய்ய முடியும்? முதல் மாதம் செய்வார். மூன்றாம் மாதம் அவருக்கே முதுகு பிடித்துக்கொள்ளும். இந்த நோயில் பக்கத்தில் இருப்பவர் படுத்துவிடுவதும் உண்டு. உதவி கேட்பது மனைவியைக் கைவிடுவது ஆகாது. பிள்ளைகள் மாதம் ஒருவராக வந்து தங்கலாம். பகலில் மட்டும் ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம். எதுவும் இல்லாவிட்டால் யாரிடம் கேட்பது என்றாவது தெரிந்துகொள்ளலாம். 14567 என்பது முதியோர் உதவி எண். போனில் இலவசமாக விவரம் சொல்வார்கள். மனம் உடைந்து போகும் கணவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் 14416 என்ற எண் இரவும் பகலும் உண்டு. இந்தியாவின் முதல் பெண் மன நோய் மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் 1984-ம் ஆண்டு சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ப்' நிறுவனம், மறதி நோயாளிகளின் குடும்பங்களுக்கும் வழி காட்டுகிறது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ம் ஆண்டில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கார்ல் டேட்டர்கள் எத்தனை லட்சம் பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

யாரும் கேள்வி கேட்கவில்லை

ஆகுஸ்தேயின் மூளை பிராங்பர்ட்டில் இருந்து மியூனிக்கிற்கு வந்தது. அதோடு ஆஸ்பத்திரிக் குறிப்புகளும் வந்தன.

அல்சைமர் மூளையை ஆராய்ந்தார். அது சுருங்கிப் போயிருந்தது. மெல்லிய துண்டுகளாகச் சீவி, வெள்ளிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நரம்பு அணுக்களுக்குள்ளே நூல் சிக்கு விழுந்தது போல முடிச்சுகள். அணுக்களுக்கு வெளியே, தினை மணிகளைத் தூவியது போல ஏதோ ஒரு பொருளின் படிவுகள். இரண்டும் மூளையின் மேல் பகுதி எங்கும் பரவிக் கிடந்தன.

சந்தேகப்பட்டதும், கத்தியதும், சாவியை ஒளித்ததும் அந்த அம்மாள் வேண்டுமென்று செய்தவை அல்ல. பேய் பிடித்தும் அல்ல. மூளையில் கண்ணால் பார்க்கக்கூடிய காரணம் இருந்தது.

1906-ம் ஆண்டு நவம்பர் மாதம் டூபிங்கன் நகரில் டாக்டர்கள் மகாநாடு நடந்தது. அல்சைமர் அங்கே எழுந்து தம் கண்டுபிடிப்பை விளக்கினார். படங்களைக் காட்டினார். பேசி முடித்து உட்கார்ந்தார்.

சபையில் ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை! தலைவர் அடுத்தவரைப் பேச அழைத்துவிட்டார். இன்று உலகம் முழுவதும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் எழுதப்படும் ஒரு நோயின் முதல் அறிவிப்பு அது.

மறு ஆண்டு அந்தப் பேச்சு சிறு கட்டுரையாக அச்சில் வந்தது. 1910-ம் ஆண்டில் கிரெப்ளின் தம் பாடப் புத்தகத்தின் புதிய பதிப்பில் அதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார். அல்சைமர் தாமாகத் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை. நடுத்தர வயதினருக்கு வரும் அபூர்வ நோய் என்றுதான் அப்போது நினைத்தார்கள். வயதானவர்களுக்கு வரும் மறதியிலும் பெரும்பகுதி இதுவே என்று தெரிவதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்று வரை வரவில்லை. ஞாபகத்துக்குச் சில காலம் ஊன்றுகோல் போல நிற்கும் மாத்திரைகள் உண்டு. அவற்றை டாக்டர்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ரெயில் பயணத்தில் நோய்

1912-ம் ஆண்டு பிரெஸ்லாவ் நகரப் பல்கலைக்கழகத்தில் அல்சைமருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. வெகு நாள் ஆசை அது. இப்போது அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது. பதவி ஏற்கப் போகும் வழியில், ரெயிலிலேயே உடல் நலம் கெட்டது. தொண்டையில் ஆரம்பித்த நோய் இருதயத்தைத் தொட்டது. அதிலிருந்து அவர் முழுதாக எழவே இல்லை. ஆனாலும் மூன்று ஆண்டுகள் வேலையை விடாமல் பார்த்தார்.

1915-ம் ஆண்டு டிசம்பர் 19-ந்தேதி அல்சைமர் காலமானார். ஆகுஸ்தே டேட்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இருந்த அதே வயது, 51.

உடலைப் பிராங்பர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் செசிலியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவரைப் புதைத்தார்கள்.

ஆகுஸ்தேயின் ஆஸ்பத்திரிக் குறிப்புகள் எங்கே போயின என்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு உலகப் போர்கள் நடந்து முடிந்தன. குண்டு வீச்சில் அழிந்திருக்கும் என்று எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். 1995-ம் ஆண்டு டிசம்பரில், பிராங்பர்ட் ஆஸ்பத்திரியின் பழைய காகிதக் கட்டுகளுக்குள் ஒரு நீல நிற அட்டைக் கோப்பு அகப்பட்டது. உள்ளே அல்சைமர் கையால் எழுதிய கேள்விகளும் பதில்களும் இருந்தன. ஆகுஸ்தேயின் புகைப்படம் இருந்தது. பெயரை எழுத முயன்று பாதியில் நின்ற துண்டுக் காகிதங்கள் இருந்தன.

கார்ல் டேட்டர் என்ற ரெயில்வே குமாஸ்தா தன் மனைவியைப் பற்றிச் சொன்ன விவரங்களும், மாதத்தோடு, அப்படியே அதில் இருந்தன.